தினசரி கேரிக்கு எந்த காலிபர்? .45 சுட்டால் கை போகிறது, .380 என்றால் சிரிக்கிறார்கள்

இரவுஷிஃப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஓசையில்லாமல் படித்துக்கொண்டிருந்தவள், முதல்முறையாக எழுதுகிறேன். பயிற்சி வகுப்பு முடிந்தது. மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதியும் கைக்கு வந்துவிட்டது. துப்பாக்கிதான் இன்னும் வாங்கவில்லை. காலிபரில், அதாவது எந்த அளவுக் குண்டு என்பதில், வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆறடி ஆளை மனசில் வைத்துக்கொண்டு பதில் போடுவீர்கள். வயது 47. மருந்துக்கடையில் இரவு ஷிஃப்ட். கடையைப் பூட்டிவிட்டு வண்டி நிற்கிற இடம்வரை தனியாக நடக்கிறவள். கையுறை 'ஸ்மால்' போட்டாலே விரல்நுனி தொளதொளவென்று நிற்கும். கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோயிருக்கிறது. இருபது வருடம் மாத்திரை டப்பா மூடி திருகிய கை.

வீட்டுக்காரரின் அண்ணன் பழைய கை. "நாலில் ஆரம்பிக்காததெல்லாம் காலிபரே இல்லம்மா" என்று சொல்லித் தன்னுடைய .45-ஐ ரேஞ்சுக்குக் கொண்டுவந்தார். முழு இரும்பு, ஒரு கிலோவுக்கு மேல் கனம். முதல் இரண்டு ரவுண்டு நடு வட்டத்தில் விழுந்தன. மூன்றாவதிலிருந்து எல்லாம் இடப்பக்கமாகக் கீழே இறங்கிக்கொண்டே போயின. ஏழாவது ரவுண்டு அட்டையின் ஓரத்தில். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் உள்ள சதை சிவந்துபோய், மறுநாள் காலையில் டப்பா மூடியைத் தொடவே பயமாக இருந்தது.

அதற்கப்புறம் வாடகைக்கு எடுத்து மூன்று பார்த்தேன். அலுமினிய உடம்பு உள்ள ஐந்து ரவுண்டு .38 ரிவால்வர், 425 கிராம்தான். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று ஆசையாக எடுத்தேன், அந்த.45-ஐவிட மோசமாக அறைந்தது. பாக்கெட்டில் போடுகிற .380, முந்நூறு கிராம்கூட இல்லை, அதுவும் சுள்ளென்றுதான் இருந்தது. நடுத்தர அளவு 9 எம்எம் ஒன்று. சுடுவதற்கு அதுதான் சுகம், ஆனால் தோட்டா ஏற்றுவதற்கு மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்கும்போது கட்டைவிரல் கத்துகிறது.

கேட்க நினைப்பது இவ்வளவுதான். 9 எம்எம் போதுமா? .380 நிஜமாகவே பொம்மையா? 'ஸ்டாப்பிங் பவர்', அதாவது எதிராளியை அங்கேயே நிறுத்திவிடுகிற சக்தி, என்று அண்ணன் சொல்வது உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை கதையா?

---

இரும்புக்கை:

அண்ணன் சொன்னது சரி. .45 குண்டின் எடை 230 கிரெய்ன், 9 எம்எம் குண்டு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். குண்டு பட்டதும் விரிந்தாலும் விரியாவிட்டாலும் பெரிய ஓட்டை பெரிய ஓட்டைதான். 1911-லிருந்து ராணுவத்தில் உழைத்த தோட்டா. இடப்பக்கம் கீழே போவது பயம். சுடச் சுடப் போய்விடும். ஆயிரம் ரவுண்டு போடுங்கள், கை பழகும்.

---

ரேஞ்ச்வாத்தியார்:

இரும்புக்கை, ஆயிரம் ரவுண்டு போட்டால் உங்கள் கை பழகும். தேய்ந்த மூட்டு பழகாது, இன்னும் தேயும். போடும் ஒவ்வொரு ரவுண்டிலும் கண்ணைச் சிமிட்டிக் கையை அழுத்தப் பழகினால், ஆயிரத்தின் முடிவில் அந்தச் சிமிட்டல்தான் நன்றாகப் படிந்திருக்கும். பத்தொன்பது வருடம் ரேஞ்சில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சகோதரி, 'ஸ்டாப்பிங் பவர்' கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 9 எம்எம்மில் வழக்கமான 124 கிரெய்ன் குண்டு எட்டு கிராம். விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகும். .45-இன் 230 கிரெய்ன் குண்டு பதினைந்து கிராம். விநாடிக்கு 255 மீட்டர் சுமார். ஆற்றலைக் கணக்குப் போட்டால் இரண்டுமே 490 ஜூல் பக்கம் வந்து நிற்கும். உந்தம் மட்டும் .45-இல் மூன்றில் ஒரு பங்கு அதிகம், அந்த அதிகம் முழுக்க உங்கள் கட்டைவிரல் மூட்டில்தான் வந்து இறங்குகிறது. எதிராளியைத் தூக்கி எறியும் என்பதெல்லாம் திரையில் மட்டும். அப்படித் தூக்கி எறிகிற உதை இருந்தால் சுட்டவரும் சேர்ந்து விழ வேண்டும்.

கைத்துப்பாக்கிக் குண்டுக்கு ரைஃபிள் குண்டின் வேகம் கிடையாது. அது நேராகத் தொட்டுக் கிழிக்கிற இடத்தை மட்டும்தான் கெடுக்கும். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: போதிய ஆழம் போகிறதா, சரியான இடத்தில் போகிறதா. முதலாவது தோட்டாவின் வேலை, இரண்டாவது உங்கள் வேலை. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1989-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இதைப் பச்சையாகவே சொல்கிறது: இதயமே நின்றுபோனாலும் மூளையில் 10 முதல் 15 விநாடிக்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அதுவரை ஒருவன் இயங்க முடியும். அந்தப் பதினைந்து விநாடிக்கு எந்தக் காலிபரும் உத்தரவாதம் தராது.

அந்த அறிக்கை வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அண்ணனின் கருத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்பிஐ ஆட்கள் எட்டுப் பேர் வளைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட ரவுண்டுகள். எஃப்பிஐ தரப்பில் இருவர் இறந்தார்கள், ஐவருக்குக் காயம். கொள்ளையரில் ஒருவனை ஆரம்பத்திலேயே ஒரு 9 எம்எம் குண்டு சரியாகப் பிடித்தது. வலது புஜத்தைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அதற்கப்புறமும் அவன் சுட்டுக்கொண்டேதான் இருந்தான். குறி தப்பவில்லை, குண்டு சீக்கிரம் விரிந்து வழியிலேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு 9 எம்எம்முக்கு விழுந்த கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஃப்பிஐ 10 எம்எம்முக்குப் போனது, உதை தாங்காமல் அதன் வேகத்தைக் குறைத்தது, அந்தக் குறைத்த தோட்டாவைச் சிறிய தோட்டா உறையில் அடக்கி 1990-இல் .40 வந்தது. ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து கிடைத்த நிஜமான லாபம் காலிபர் இல்லை, பரிசோதனை. ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்ப்பார்கள்: முன்னால் கனமான துணி, பலகை, கார் கண்ணாடி என்று தடுப்புகள் வைத்து. குண்டு 12 முதல் 18 அங்குலம், அதாவது 30 முதல் 46 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். கம்பெனிகள் இந்தத் தேர்வில் தேறுகிற மாதிரி மூக்கில் குழி வைத்த, பட்டதும் விரிகிற ஹாலோ பாயின்ட் குண்டுகளைத் திருத்தித் திருத்திச் செய்தன. 9 எம்எம் குண்டும் தேறியது. 2014-இல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவே 9 எம்எம்முக்குத் திரும்பலாம் என்று எழுதியது. காரணங்கள்: அவர்களுடைய ஆட்களில் பெரும்பாலானவர்கள் .40-ஐவிட 9-ஐ வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள். தோட்டா அடுக்குகிற மேகசினில் ரவுண்டு அதிகம். நல்ல குண்டு போட்டால் ஆழத்தில் வித்தியாசம் இல்லை. உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். கேட்கமாட்டார், ஆனாலும் சொல்லுங்கள்.

.380 பொம்மை இல்லை. அதுவும் 9 எம்எம் குண்டுதான், உறை 19-க்குப் பதில் 17 மில்லிமீட்டர், ஆற்றல் ஏறக்குறைய பாதி. அதன் சங்கடம் வேறு: குட்டைக் குழலிலிருந்து போகும்போது, விரிந்தால் ஆழம் பற்றாது, ஆழம் போனால் விரிந்திருக்காது. இரண்டும் ஒழுங்காகச் செய்கிற தோட்டா குறைவு, தேடி எடுக்க வேண்டும். 9-இல் அந்தத் தேடலே வேண்டாம்.

உங்கள் கையில் .38 ஏன் அறைந்தது என்று இப்போது புரிந்திருக்கும். உதையை விழுங்குவது துப்பாக்கியின் எடை. 425 கிராம் எதையும் விழுங்காது. பாக்கெட் .380-உம் அப்படித்தான். காலிபர் பெயரைப் பார்த்து உதையை யூகிக்காதீர்கள்.

ஸ்லைடுக்கு ஒரு கைவாகு இருக்கிறது. கட்டைவிரலாலும் ஆள்காட்டியாலும் கிள்ளிப் பிடித்து இழுக்கிறீர்கள், இல்லையா? இடக்கையின் நான்கு விரலையும் ஸ்லைடுக்கு மேலாகப் போட்டு உள்ளங்கையோடு சேர்த்துக் கவ்வுங்கள். துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், குழல் முன்னால் இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கக் கூடாது, விரல் ட்ரிகரில் இருக்கக் கூடாது. இப்போது ஸ்லைடை இழுக்காதீர்கள். அதைப் பிடித்து நிறுத்திவிட்டு வலக்கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள். வேலை தோளுக்குப் போய்விடும். மேகசின் இல்லாமல், உள்ளே ரவுண்டு இல்லை என்று இரண்டுமுறை பார்த்துவிட்டு, வெறுமனே பழகுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஐந்து மீட்டர் தூரத்தில் 20 சென்டிமீட்டர் வட்டம். துப்பாக்கி தாழ்ந்த நிலையிலிருந்து தொடங்கி ஐந்து ரவுண்டு, ஐந்து விநாடி. வாடகைக்குக் கிடைக்கிற எல்லாவற்றிலும் செய்து எழுதி வையுங்கள். முக்கியம்: விடுமுறை நாளில் தூங்கி எழுந்து போகாதீர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு போங்கள். உங்களுக்கு அது தேவைப்படுகிற நேரத்தில் அந்தக் கைதான் இருக்கும்.

---

இரும்புக்கை:

வாத்தியாரே, 9 எம்எம் விரிந்தால் 14 மில்லிமீட்டர், .45 விரிந்தால் 18. அந்த நான்கு மில்லிமீட்டரை என்ன செய்தீர்கள்?

---

ரேஞ்ச்வாத்தியார்:

இருக்கிறது, மறுக்கவில்லை. ஏழாவது ரவுண்டு அட்டையின் ஓரத்தில் விழுந்தது என்று அவர் எழுதியிருக்கிறாரே. அது நான்கு மில்லிமீட்டர் தள்ளியா விழுந்தது?

---

நரைச்சகூந்தல்:

தங்கச்சி, எனக்கு 66. இரண்டு கையிலும் மூட்டுவாதம். நான் .38 தான் வைத்திருக்கிறேன், ஆனால் நீ எடுத்த மாதிரி அலுமினியம் இல்லை. இரும்பு உடம்பு, 650 கிராம். அதில் போடுவது 148 கிரெய்ன் வாட்கட்டர், மூக்கே இல்லாமல் மொட்டையாக இருக்குமே, இலக்கு அட்டையில் வட்டமாக ஓட்டை போடுவதற்கென்று வந்த தோட்டா. உதை ரொம்ப மெத்தென்று இருக்கும். குட்டைக் குழலில் ஹாலோ பாயின்ட் விரியுமா விரியாதா என்கிற கவலையும் இல்லை, இது விரிய வேண்டிய சாதியே இல்லை, நேராக ஆழமாகப் போகும்.

ரிவால்வரில் ஸ்லைடு இல்லை, அதுதான் எனக்கு வசதி. தோட்டா ஒன்று வெடிக்காமல் போனால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்தது வந்துவிடும். ஆனால் ட்ரிகர் கனம். ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். கட்டைவிரலுக்கு மிச்சமானது ஆள்காட்டி விரலில் செலவாகிறது. உனக்கு எந்த விரல் நல்ல விரல் என்று பார்த்து முடிவு செய். இன்னொன்று: ஐந்தும் தீர்ந்தால் மறுபடி நிரப்புவதற்குள் பொழுது விடிந்துவிடும். நான் அதை ஒத்துக்கொண்டுதான் வைத்திருக்கிறேன்.

கைப்பையில் போட்டுக்கொண்டு போகாதே, இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள். ஆரம்பத்தில் நான் பையின் பக்க அறையில் வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துத் துடைக்க எடுத்தால், குழல்வாயில் பஞ்சுபோல் நூல்தூசி அடைத்திருந்தது. சிலிண்டர் இடுக்கில் ஒரு ஹேர்பின் பாதி ஏறி நின்றது. பேனாவோ சாவியோ ட்ரிகருக்குள் நுழைந்திருந்தால் என்னாகியிருக்கும்? பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் துப்பாக்கியும் அவனோடு போகும். இப்போது இடுப்பில், ட்ரிகர் முழுசாக மூடுகிற கெட்டி உறையில்தான். வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் பூட்டிவிடுவேன், பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு.

---

பித்தளைப்பொறுக்கி:

காலிபர் சண்டையில் நான் இல்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும்.

தினமும் வீட்டுக்கு வந்து தோட்டாவைக் கழற்றிக் காலையில் அதே தோட்டாவை மறுபடி குழலின் பின்முனை அறைக்குள் ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு தடவையும் ஸ்லைடு அடித்து ஏற்றும்போது குண்டின் மூக்கு சரிவில் மோதும். கொஞ்சம் கொஞ்சமாகக் குண்டு உறைக்குள் இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். 9 எம்எம், .40 இரண்டுமே 35,000 பிஎஸ்ஐயில் வேலை செய்கிறவை, .45 வெறும் 21,000. அழுத்தம் அதிகமான தோட்டாவில் இந்த விளையாட்டு ஆபத்து. புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மயிரிழை குட்டையாகத் தெரிந்தாலும் அதைச் சுடாமல் ஒதுக்குங்கள்.

பிறகு, அழுத்தம் கூட்டிய +பி தோட்டா வேண்டாம். குட்டைத் துப்பாக்கியில் வெளிச்சமும் சத்தமும் உதையும்தான் கூடும்.

---

இரவுஷிஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சொன்ன மாதிரியே ஷிஃப்ட் முடிந்து நேராகப் போனேன். கண் எரிச்சல், கால் வீக்கம், கை சொன்ன பேச்சு கேட்காத நேரம். எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்.

.45: ஐந்தில் மூன்று வட்டத்துக்குள், 6.9 விநாடி. அண்ணனும் கூட வந்திருந்தார், எதுவும் சொல்லவில்லை.

இரும்பு .38, வாட்கட்டர் போட்டு: நான்கு உள்ளே, 6.2 விநாடி. அக்கா, உதை நீங்கள் சொன்ன மாதிரி மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் ட்ரிகரை இழுத்து முடிப்பதற்குள் குழல்முனை ஒரு ஊஞ்சல் ஆடிவிடுகிறது.

9 எம்எம் நடுத்தரம்: ஐந்தும் உள்ளே, 4.7 விநாடி. அந்த நிமிடம் இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். அப்புறம் ஸ்லைடு. காலையில் வீட்டில் யோசித்துக்கொண்டிருந்ததற்கு மாறாக, உள்ளங்கையால் கவ்வித் தள்ளுவது நன்றாகவே வந்தது, முதல் ஆறு தடவை. ஏழாவதில் பாதியில் வழுக்கியது. எட்டு வந்தது. ஒன்பதும் பத்தும் வரவில்லை. கையில் பிடிப்பே இல்லை. அது ரேஞ்ச், பக்கத்தில் ஆள் இருந்தார். இருட்டில் தோட்டா சிக்கிக்கொண்டால் அந்தப் பத்தாவது தடவையைத்தான் நான் செய்ய வேண்டியிருக்கும்.

அங்கே இருந்த பயிற்சியாளர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று எடுத்துக் கொடுத்தார்கள். .380 தான், ஆனால் பாக்கெட் அளவு இல்லை, 9 எம்எம் அளவுக்கே உடம்பு. பாக்கெட் அளவில் பல .380-களில் ஸ்பிரிங் பலத்தையும் ஸ்லைடின் எடையையும் நம்பியே ஸ்லைடு நிற்கும், அதனால்தான் இழுக்கக் கடினம், இதில் குழல் பூட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் இளசு என்று விளக்கினார்கள். பத்துக்குப் பத்து வந்தது, அதுவும் கிள்ளிப் பிடித்தே. ஐந்தும் உள்ளே, 4.4 விநாடி. இன்னொரு மேகசின் கேட்டு வாங்கிச் சுட்டேன், வலிக்கவில்லை என்பதே வேடிக்கையாக இருந்தது.

வாத்தியாரே, ஆழம் பற்றி நீங்கள் எழுதியது மண்டையில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனாலும் .380-க்கே போகப்போகிறேன். தப்பா?

---

ரேஞ்ச்வாத்தியார்:

தப்பில்லை. நான் 9 என்று சொன்னது, ஸ்லைடு உங்கள் கையில் வரும் என்று நினைத்து. இதே இளசு ஸ்லைடோடு 9 எம்எம்மும் செய்கிறார்கள், வாடகைக்குக் கிடைத்தால் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். கிடைக்காவிட்டால் .380 எடுங்கள். துணி அடுக்குக்குப் பின்னாலும் 12 அங்குலம் போகிறது என்று ஜெலட்டினில் காட்டிய தோட்டாவாகப் பார்த்து வாங்குங்கள், இடுப்பில் வைக்கிற அதே தோட்டாவில் குறைந்தது நூறாவது உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓட வேண்டும். சுடும்போது மணிக்கட்டைத் தளரவிடாதீர்கள். கை தளர்ந்தால் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாது, வெற்று உறை வாசலில் நட்டுக்கொண்டு நிற்கும். களைத்த கையில் அதுதான் முதலில் வரும்.

---

இரவுஷிஃப்ட்:

9 எம்எம் இளசு ஸ்லைடு அந்த ரேஞ்சில் இல்லை. .380-ஐயே வாங்கிவிட்டேன். இதுவரை 140 ரவுண்டு. இரண்டு தடவை உறை நட்டுக்கொண்டு நின்றது, இரண்டுமே முதல் ஐம்பதுக்குள், இரண்டிலும் மணிக்கட்டு என்னுடையதுதான். பித்தளைப்பொறுக்கி சொன்னபடி அறைக்குள் ஏற்றுகிற தோட்டாவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், மாற்றி மாற்றிப் போட.

அண்ணன் கையில் வாங்கிப் பார்த்தார். ஸ்லைடை ஒரு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்காரிக்கும் மூட்டுவலிதான்" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

பெல்ட் இன்னும் வரவில்லை. வந்ததும் இடுப்பு உறை பற்றி வேறு இழையில் கேட்கிறேன்.